ஒன்றாம் நம்பர்

"ஒண்ணாம் நம்பர்ல எந்தச் சேனலப் போடணும்க்கா?" புது ரிசீவரை மாட்ட வந்தவர் கேட்டார்.

கப்பலில் வேலை பார்த்த அப்பா லீவுக்கு வந்திருந்தால், எங்கள் வீட்டில் ஒன்றாம் நம்பர் திருப்பலி சேனல். அவர் சூட்கேஸோடு துறைமுகத்துக்குக் கிளம்பியதும், சவரச் சோப்பு வாசனை அடங்கும் முன்பே அம்மா ரிமோட்டை என்னிடம் நீட்டுவாள்.

"ஏளா, வானிலைய ஒண்ணுல போடு."

அது இங்கிலீஷ் சேனல். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. எந்தக் கடலோ, மேகம் சுழல்வதைப் பார்த்தபடியே செபமாலை உருட்டுவாள். அப்பா செத்த பிறகும் அதை மாற்ற விடவில்லை. எனக்கு அப்போது எரிச்சலாக வரும்.

இப்போது அம்மாவும் இல்லை. கடலில் எனக்கென்று யாரும் கிடையாது.

"வானிலையப் போடுங்க" என்றேன்.