கடலை அளவு சோடியம்

போன வாரம் வீட்டு கேட்டின் கீல் துருப்பிடித்து இறுகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திறந்து, ஒரு காலிப் போத்தலில் ஊற்ற ஆரம்பித்தார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

“என்ன அங்கிள், வாசன ஒத்துக்காதா?”

“ஒத்துக்கும் பாஸ். ஆனா ஒன்னு ஞாபகம் வந்துடும்” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மண்ணெண்ணெய் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு அடுப்போ விளக்கோ நினைவுக்கு வரலாம். எனக்குப் பழுப்பு நிறக் கண்ணாடி ஜாடி ஒன்றுதான் வரும். அதற்குள் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சோடியம். காற்றும் தண்ணீரும் படாமல் இருக்க அதை அப்படித்தான் வைப்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முதல் வேலை. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. எனக்கு முன்னால் இந்த ஊரில் யாருமே ஒழுங்காக வேதியியல் சொல்லிக் கொடுத்ததில்லை என்று ஒரு நினைப்பு. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. காலையில் தலை வாரும்போது நானே சொல்லிக்கொள்வேன்.

பாடம் மலாய் மொழியில்தான். ஆனாலும் நம் பிள்ளைகள் முழிக்கும்போது நடுவில் தமிழில் ஒரு வரி சொல்லிவிடுவேன். பொருள் தானாக இருக்கும்போது எப்படி இருக்கிறது, நிறம் என்ன, எப்போது உருகும் என்பதெல்லாம் ஒரு வகைப் பண்பு. இன்னொன்றோடு சேர்ந்தால் அது என்னவாக மாறும் என்பது வேறு வகை. உதாரணம் கேட்டால் வகுப்பே கேண்டீனாகிவிடும். ஐஸ் கச்சாங் உருகுவது முதல் வகை, ரொட்டி சானாய் கருகுவது இரண்டாம் வகை. “சார், எங்கம்மா கோவப்படறது எந்த வக சார்?” என்று ஒருவன் கேட்டு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நல்ல நாள்கள்தாம் அவை. அதுதான் உறுத்துகிறது.

முன்வரிசையில் கலையரசி என்று ஒரு பெண். நான்காம் படிவம், பதினாறு வயது. அப்பா முனியாண்டி, துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். அச்சடித்த மாதிரி எழுதுவாள். மற்றவர்கள் எழுதி முடித்துப் புத்தகத்தை மூடும் நேரத்தில்தான் அவளுக்குக் கேள்வி வரும். சோடியம் தண்ணீரின் மேல் ஓடும் என்று சொன்னபோது, “அதுக்கு என்ன சார் அவ்ளோ அவசரம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை அதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. மாணவர்கள் அதற்கு அப்பால்தான் நிற்க வேண்டும். அன்று சோடியத்தைக் கத்தியால் அறுத்துக் காட்டினேன். வெண்ணெய் போல அறுபட்டது. வெட்டிய இடம் வெள்ளியாக மின்னிக் கொஞ்ச நேரத்தில் மங்கியது. அரிசி அளவுத் துண்டு ஒன்றைக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போட்டேன். உஸ்ஸென்று சுற்றி ஓடிக் காணாமல் போனது.

“சார், ஒன்னுமே தெரியல லா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த துண்டைக் கடலை அளவுக்கு வெட்டினேன். அப்படி வெட்டக்கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

“கலை, நீ இங்க வா. பக்கத்துல நின்னு பாத்து, போர்டுல எழுது” என்றேன்.

அவள் கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. அது என் முகத்தில் இருந்தது.

சத்தம் பக்கத்துக் கட்டடம் வரை கேட்டதாம். தொட்டி பிளந்துவிட்டது. தெறித்த துண்டு அவள் கன்னத்தில் பட்டுக் கழுத்து வரை சுட்டது. குழாயடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள் அழவில்லை. “கண்ணு தெரியுது சார், கண்ணு தெரியுது” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் தலைமையாசிரியர் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, “அவளாகவே கோட்டைத் தாண்டி வந்தாளா?” என்று மலாயில் கேட்டார். அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிரந்தரமாக்கும் கடிதம் வரவில்லை. ‘ஆமாம்’ என்றேன். அதையே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் முனியாண்டி அண்ணன் மகளோடு வந்தார். லோரியை வெளியே நிறுத்திவிட்டு, வேலைச் சட்டையோடு ஆசிரியர் அறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“பிள்ள சொல் பேச்சு கேக்காம வந்துடுச்சு. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க சார்.”

கலையரசி கன்னத்துக் கட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னித்தேன். “பரவாயில்லண்ணே, பிள்ளைங்கதானே” என்றேன்.

ஆய்வுக்கூட ஒழுங்கை மீறியதற்காக அவளைக் கலைப்பிரிவுக்கு மாற்றினார்கள். நான் செராஸில் வேறொரு பள்ளிக்கு மாற்றலாகிப் போனேன். பிறகு இளம் ஆசிரியர்களுக்கு ஆய்வுக்கூடப் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கேயும், ‘கோட்டைத் தாண்டி வந்த மாணவி’ என்று ஒரு கதை சொல்வேன். எல்லாரும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடம் முன்பு, கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். “கெமிஸ்ட்ரி சார்தானே?” கழுத்துத் தழும்பைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. துறைமுகத்தில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலையாம்.

“அப்பா ஒங்களப் பத்தி நல்லா சொல்வாரு சார். அந்த சார் நெனச்சிருந்தா ஒன்ன ஸ்கூல விட்டே தூக்கிருக்கலாம்னு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “கலை, அன்னிக்கு நான்தாம்மா ஒன்ன கூப்ட்டேன்” என்றேன்.

ஒரு ஸ்டேஷன் வந்து போனது. அவள் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

“மொதல்ல எனக்கும் அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு சார். எல்லாரும் சொல்லச் சொல்ல, நானேதான் வந்துட்டேன் போலன்னு நெனச்சிக்கிட்டேன். இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்.”

“அப்பாவ வந்து பாக்குறேம்மா. நானே சொல்லிடறேன்.”

“அப்பா செத்து ஆறு வருசம் ஆச்சு சார்” என்றாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிப் பதிவேட்டில் இருந்த முகவரி எனக்கு இன்னும் மனப்பாடம். மறுவாரம் அங்கே போனேன். எதற்கென்று கேட்காதீர்கள். துறைமுகச் சாலையோரம் அந்த வீட்டு வரிசையே இல்லை. கம்பி வேலிக்குள் கண்டெய்னர்கள் நாலு அடுக்காக நின்றன. காவல் கூண்டிலிருந்து ஓர் இளைஞர் எட்டிப் பார்த்து, “யாரப் பாக்கணும் அங்கிள்?” என்று கேட்டார்.

“முனியாண்டி அண்ணன” என்றேன்.

அவர் பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டி மேலிருந்து கீழாகத் தேடிப் பார்த்தார்.

“அப்படி யாரும் இங்க இல்ல அங்கிள்.”