தட்டின் இடப்பக்கம்

போன மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த என் மகளின் ஸ்கேன் படத்தைக் காட்டி, மூளையின் வலப்பக்கத்தில் சிறிய ரத்தக்கட்டு இருக்கிறது என்றார் டாக்டர். அந்தப் பக்கம் அடிபட்டால் சிலருக்குக் கண் நன்றாகவே இருக்கும், ஆனால் உலகத்தின் இடப்பாதி மட்டும் மனதில் பதியாமல் போய்விடுமாம். பன்னிரண்டு வயதுதானே, மூளை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும், எதற்கும் சில நாள் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சாப்பிடும்போதெல்லாம் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கண்ணுக்கு அத்தையின் தட்டுதான் தெரிகிறது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தாள். மண்ணரை என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் அப்பா நான்கு தையல் மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுத்தார். தைத்ததை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்த்து, பிசிர் வெட்டி அடுக்குவது அத்தையின் வேலை. அவள் கை பட்ட பண்டல் கம்பெனியிலிருந்து திரும்பி வந்ததில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒருநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவள் குடத்தோடு சாய்ந்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரி. இழுத்துக்கொண்ட கையும் காலும் பழையபடி வந்துவிட்டன, பேச்சிலும் குறையில்லை. பிழைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஆப்பிளும் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுமாதமே அவள் மேசைக்கு வந்துவிட்டாள்.

பண்டல்கள் திரும்பி வரத் தொடங்கின. அப்பா கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் விளக்கடித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையுமில்லை என்று அனுப்பிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. கண் கெட்டிருந்தால் வீட்டில் இரக்கப்பட்டிருப்பார்கள். கண் நன்றாக இருக்கிறது என்றால், மிச்சம் அலட்சியம்தானே.

சாப்பாட்டிலும் அப்படித்தான். தட்டின் வலப்பாதியை வழித்துத் தின்றுவிட்டு, இடப்பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "என்ற கைச் சோறு எறங்கறதில்லையாட்ட இருக்குதுங்க" என்று அம்மா அத்தைக்குக் கேட்கும்படி அப்பாவிடம் சொல்வாள்.

ஒருநாள் அந்த இடப்பாதியில் இருந்த அவித்த முட்டையை நான் எடுத்துக்கொண்டேன். அத்தை திட்டவில்லை. "இன்னைக்கு முட்டை வெக்கலையாட்ட இருக்குது கண்ணு" என்றாள். எனக்காகத்தான் பார்க்காததுபோல் நடிக்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். இன்னொரு நாள் விளையாட்டாக அவள் தட்டைச் சுற்றிவிட்டேன். மீந்திருந்த சோறு வலப்பக்கம் வந்ததும், அப்போதுதான் பரிமாறியதுபோல் பசியோடு அள்ளிச் சாப்பிட்டாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத அதை நான் சொல்லவில்லை. சொன்னால் முட்டை போய்விடும்.

பெரிய பண்டல் ஒன்று திரும்பிய அன்று, அப்பா ஒரு பனியனை அவள்முன் விரித்தார். அவளுக்கு இடப்பக்கமாக விரல் நுழையும் ஓட்டை.

"கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொல்லீட்டாருங்க. அப்பறம் எதுக்குங்க அக்கா இப்படிப் பண்றீங்க?"

அத்தை தனக்கு வலப்பக்கம் இருந்த பாதியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "முழுசும் பாத்துட்டுத்தான் தம்பி அடுக்குனேன். ஓட்டை எங்க இருக்குது?"

அப்பா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். நான் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பனியனைச் சுற்றிப் போட்டிருந்தால் போதும். ஆனால் தட்டையும் பனியனையும் சேர்த்து நினைக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அவளை அவிநாசிபாளையத்தில் இருந்த சின்ன அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் இருந்தாள். ஒரு மத்தியானம் ரோட்டில் பாதி தாண்டியவளை, இடப்பக்கமிருந்து வந்த பஸ் அடித்துவிட்டது. அங்கேயும் கவனமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்பா கடைசிவரை அதையே சொன்னார்.

அவளை அனுப்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழேயே நின்று கையாட்டி, அத்தை, அத்தை என்று கூப்பிட்டேன். குரல் கேட்டதும் அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸுக்குள் நின்ற ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டேன், இன்னும் வலப்பக்கமாகத் திரும்பினாள். என்னைத்தான் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. பஸ் கிளம்புவதற்குள் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.