ஒரு டிபன் கேரியருக்கு மூன்று கேள்விகள்

என் வலைப்பூவை யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு டிபன் கேரியர் வாங்கினேன். மூன்றடுக்கு, நல்ல கெட்டி எவர்சில்வர். மூடியை இறுக்கினால் ரசம்கூடச் சிந்தாது. ஜொகூரில் எங்கள் ஊரான மாசாயில் பாத்திரக் கடைக்காரர், "தங்கச்சிக்குச் சீரா?" என்று கேட்டார். "இல்லண்ணே, கருத்துக் கணிப்பு" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தார்.

என் மனைவிக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு வெகு முன்பே பஸ் ஏறிவிடுவாள். எனக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. விடிந்து போனால் போதும். ஆகவே வீட்டில் அடுப்பு என் பொறுப்பு. நான் கட்டிக் கொடுக்கும் சோற்றை அவள் மத்தியானம்தான் திறப்பாள். அதுவரை பஸ் நெரிசலையும் எல்லைப் பாலத்து வெக்கையையும் தாங்கி அது ஊசிப்போகாமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டுச்சோற்றுக் கவலையைப் பற்றி மட்டுமே எழுதுவது என் வலைப்பூ. பிரியாணி, கேக் எல்லாம் அங்கே கிடைக்காது.

ஆரம்பித்த புதிதில் யாரோ ஒருவர், "சூப்பர் அக்கா" என்று எழுதினார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்து வந்தவரும் அக்கா என்றார். சமையல் எழுதினால் அக்காதான் என்பது நம் மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஸ்டோரில் என்னோடு இருப்பவர்களுக்கு நான் வெங்காயம் நறுக்குவது தெரிந்தால் ஓய்வுபெறும்வரை ஓட்டித் தள்ளிவிடுவார்கள். என் மீசைக்கும் அந்த அக்காவுக்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டேன்.

வலைப்பூவைத் திறந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் அதை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "நீங்களே ஓயாம தொறந்து தொறந்து பாத்தா ஏறாம என்னா செய்யும் லா?" என்றாள். சுருக்கென்றது. யாராவது ஒருவராவது இதைப் பார்த்துச் சமைக்கிறார்களா, இல்லை நான் சுவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேனா? ஒருவரும் இல்லையென்றால் இத்தோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்காகத்தான் கேரியர்.

கேரியரைப் படம் எடுத்துப் போட்டு மூன்று கேள்விகள் கேட்டேன். எந்த ஊர்? யாருக்குச் சோறு கட்டுகிறீர்கள்? என் சமையலில் எதைச் செய்து பார்த்தீர்கள், எப்படி வந்தது? பதில் சொல்பவர்களில் ஒருவருக்குக் கேரியர் பரிசு.

பதில்கள் கொட்டின. யாரோ ஒரு புண்ணியவதி இதைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருக்கிறார். என் வலைப்பூவை அதுவரை கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாம் வந்து என்னை வாழ்த்தினார்கள். ஒரு வீட்டில் மாமியார், மருமகள், நாத்தனார் மூவரும் ஒரே பதிலைத் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். ஒருவர், கேரியருக்குப் பதில் ஏர் ஃபிரையர் கிடைக்குமா அக்கா என்று கேட்டார். கோத்தா திங்கியிலிருந்து ஒருவர் என்னுடைய மீன் குழம்பு அமிர்தம் என்றார். நான் மீன் குழம்பைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் எல்லாருக்கும் நாக்கில் தேன் ஊறிவிடுகிறது.

வெறுத்துப்போய் மூடப் போன நேரத்தில் இந்தப் பதில் வந்தது. பெண் பெயர், படத்தில் ஒரு செம்பருத்தி.

"கூலாய். வேலைக்குப் போற ஆளுக்குக் கட்டுறேன். புளிச்சோறு நல்லா தாங்குது. எலுமிச்சைச் சோறு கசக்குது அக்கா. ரெண்டு தடவ செஞ்சேன், ரெண்டு தடவயும் பாதி திரும்பி வந்துருச்சி. நீங்க எழுதுன மாதிரியேதான் செஞ்சேன். எங்க தப்புன்னு சொல்லுங்க."

முதலில் கோபம் வந்தது. என் எலுமிச்சைச் சோறா கசக்கும்? என் டப்பாவில் எப்போதும் முந்தின இரவுக் குழம்புதான் என்றாலும், காலையில் ருசி பார்த்துத்தானே மனைவிக்குக் கட்டுகிறேன்? துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் நிமிரவில்லை.

"கசக்கும்தான்" என்றாள்.

"அலாமாக்! எப்ப இருந்து?"

"எப்பவுமே. காலையில நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் தொறந்தா கசக்கும். பாவம், தூக்கத்த விட்டுட்டு செஞ்சு தர்றீங்க. அதப் போயி எப்படிச் சொல்றது?"

கட்டின மனைவியே பதில் சொல்லாத கணிப்பை நான் ஊரெல்லாம் நடத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. கேரியர் கூலாய்க்குத்தான் என்று அன்றே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கொண்டு வருகிறேன் என்றும் வாய்விட்டுவிட்டேன். "வாங்க அக்கா, வீட்டுலதான் இருப்பேன்" என்று முகவரி வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. ஒரு பெண் தனியாக இருக்கக்கூடிய வீட்டு வாசலில், அக்காவை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தால், மீசையோடு நான் நிற்பேன். முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ஏமாற்றிவிட்டீர்களே என்று அந்தப் பெண் விலகிவிட்டால்? இத்தனை பேரில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள். அந்த ஒருவரை இழக்க எனக்கு மனமில்லை.

"நீ போய்க் கொடுத்துட்டு வந்துரேன். அக்கான்னு சொல்லிக்க" என்று மனைவியைக் கெஞ்சினேன்.

"கசக்குற சோத்துக்கு நான் பொறுப்பா? கூட வரேன். அக்கா நீங்கதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் போனோம். செனாய் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்கள் வந்தன. வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை, கடைசிக்கு முந்தின வீடு. கேட்டுக்கு வந்தவர் ஓர் ஆண். கைலி, பனியன், கையில் கரண்டி. என்னைவிடக் கொஞ்சம் இளையவராக இருப்பார். அந்தப் பெண்ணின் கணவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி என் மனைவியைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க அக்கா, வாங்க வாங்க" என்றார்.

என் மனைவி ஒரு விரலை என் பக்கம் நீட்டினாள். "அக்கா இவருதான்."

அவர் என்னையும் என் மீசையையும் பார்த்தார். கரண்டியைக் கீழே இறக்கினார். ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு நான் கேரியரை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்ப நானும் சொல்லிடறேன்ணே" என்றார் அவர். "அந்தப் பதில எழுதுனது என் வீட்டுக்காரி இல்ல. அவ இன்னைக்கும் சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிருக்கா. அவ பேர்ல நான்தான் எழுதுனேன்."

நாங்கள் மூவரும் கேட்டிலேயே நின்று சிரித்தோம். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்த பிறகுதான் உள்ளே போனோம்.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிவிட்டதாம். வேறு வேலை அமையும்வரை சமையல் அவருடையது. அடுத்த தெருவில் இருக்கும் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. "அண்ணன் வந்தா அடுப்ப அணைச்சிட்டு டிவி முன்னால உக்காந்துக்குவேன்" என்றார். சொல்லும்போது சிரித்தாலும் முகம் சிறுத்துவிட்டது. ஸ்டோரில் மத்தியானம் என் டப்பாவைப் பார்த்து, "வீட்டுல கைப்பக்குவம் பிரமாதம் போல" என்று சொல்பவர்களிடம் தலையாட்டிவிட்டு நான் குனிந்து சாப்பிடுவது நினைவுக்கு வந்தது.

எலுமிச்சைச் சோற்றை அவர் அடுப்பில் இரண்டு விதமாகச் செய்து பார்த்தோம். ஒன்றில் நான் எழுதியிருந்தபடி, தாளிப்பில் சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டோம். இன்னொன்றில் அடுப்பை அணைத்து, சோற்றையும் ஆறவிட்டு, அதன்பிறகு பிழிந்தோம். இரண்டையும் மூடி வைத்துவிட்டு மத்தியானம்வரை பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவி இரண்டையும் தின்று பார்த்து முதல் தட்டைத் தள்ளி வைத்தாள். கொதிக்கவிட்டதுதான் வினை. என் வலைப்பூவுக்கு அதுவரை கிடைத்த ஒரே உண்மையான விமர்சனம் அந்தத் தட்டு.

கிளம்பும்போது கேட்டேன், "பரிசு வாங்குனவங்க பேர் போடணுமே. யாரு பேரப் போட?"

அவர் கேரியரின் மூடியைத் திறந்து மூடினார்.

"நீங்க உங்க பேரப் போட்டா, நானும் என் பேரப் போடச் சொல்றேன்ணே."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டோர் கண்முன் வந்தது. ஆனால் அவர் அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். என் ஸ்டோர் பாசிர் கூடாங்கில். என்னைவிட அவருக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும். சரி என்றேன். கேரியரை நடுவில் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். மனைவி படம் எடுத்தாள்.

அன்று மாலை இரண்டு பெயர்களோடும் படத்தைப் போட்டேன். எலுமிச்சைச் சோற்றைத் திருத்தி எழுதி, அக்கா என்று ஒருவர் இங்கே இல்லை என்றும் எழுதினேன். வழக்கமாகக் கொட்டும் சூப்பர்கள் வரவில்லை. ஒருவர் மட்டும், இத்தனை நாளாக ஏமாற்றினீர்களா என்று கேட்டிருந்தார். வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து சோறு கட்டினேன். எலுமிச்சைச் சோறுதான், ஆறவைத்துப் பிழிந்தது.

அன்று மத்தியானம் ஸ்டோரில் என் டப்பாவைத் திறக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. அதுவரை என் வலைப்பூவில் ஒரு வார்த்தைகூட எழுதாதவள் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதியிருந்தாள்.

"ஊர் மாசாய். நான் யாருக்கும் கட்டுறதில்ல, எனக்குத்தான் கட்டித் தராங்க. எலுமிச்சைச் சோறு இன்னைக்குக் கசக்கல, அக்கா."