ஜூலை மட்டும் தெரிந்த ஊர்

எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில், நம் முன்னோர் பெருங்கடலைக் கடந்து இந்த மண்ணில் காலூன்றினார்கள் என்று ஒரு வரி வருகிறது. காலையில் முதல் பீரியடில் அதை உரக்க வாசிப்பவன் பெஷாவர்க்காரன். தலையாட்டிக் கேட்பவர்கள் சிரியாவும் எகிப்தும் மலப்புரமும். வாசிக்கச் சொன்ன டீச்சர் நான், சின்னமனூர்க்காரி. பள்ளிக்கூடம் இருப்பதோ ஷார்ஜாவில். அந்த முன்னோர் இறங்கிய அமெரிக்கக் கரையை எங்களில் ஒருவரும் படத்தில் தவிரப் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரிப்பை அடக்க மாட்டாமல் போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது பழகிவிட்டது. இங்கே அமெரிக்கப் பாடத்திட்டத்துக்கு நல்ல மவுசு, அதனால் எனக்கும் ஒரு பிழைப்பு, அவ்வளவுதான்.

ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் என்றதும் கதை, கவிதை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் வந்தவை நாட்குறிப்புகள், பிரசங்கங்கள், விட்டு வந்த ஊருக்குப் போட்ட கடிதங்கள். எழுதியவர்கள் தங்களை ஆங்கிலேயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். புது ஊருக்குப் பழைய ஊரின் பெயரையே வைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்கள். சில தலைமுறை போனபின் வந்தவர்களோ, நாங்கள் அவர்கள் இல்லை, வேறு ஆட்கள் என்று துண்டுப் பிரசுரம் போட்டு எழுதத் தொடங்கினார்கள். கொடி பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே ஒரு ஜனம் காகிதத்தில் உண்டாகிவிட்டது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். எழுதி எழுதியே ஒரு நாட்டுக்காரர்களாக ஆனவர்கள் என்பேன். வகுப்பில் இந்த நாட்டுக்கே சொந்தமான எமிராத்திப் பெண் ஒரே ஒருத்திதான், ஹெஸ்ஸா. ஒருநாள் அவள் கையைத் தூக்கி, ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் என்ன எழுதினார்கள் மிஸ் என்று கேட்டாள். வந்தவர்கள் எழுதிய புத்தகத்தில் இருந்தவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை, கொடுத்த இடத்திலும் கண்டபடி எழுதி வைத்தார்கள் என்றேன். அவள் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பாடத்தைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியே நடத்துகிறேன்.

அதே வகுப்பில்தான் என் மகள் யாழினியும் இருக்கிறாள். டீச்சர் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் என்னிடமே மாட்டிக்கொண்டாள். பள்ளியில் நான் மிஸ், காரில் ஏறினால் அம்மா. பிறந்தது அஜ்மானில். நாங்கள் குடியிருப்பதும் அங்கேதான், வாடகை குறைவு என்று தினமும் ஷார்ஜாவுக்கு வந்துபோகிறோம். என் வீட்டுக்காரருக்கும் சின்னமனூர்தான், வேலை ருவைஸில் எண்ணெய் ஆலையில். தூரம் என்பதால் அங்கேயே கேம்ப்பில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். இந்த ஜூனோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. என் சம்பளத்தில் இங்கே குடும்பம் நடத்த முடியாது. யாழினியின் பள்ளிப்படிப்பும் அதே மாதம் முடிகிறது. ஆகவே மூன்று பேரும் ஒரேயடியாக ஊருக்கு. அவளுக்கு ஊரிலிருந்தே போய்வரும் தூரத்தில் கல்லூரி.

இதை அவளிடம் சொன்ன அன்று கத்துவாள், அழுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் ஓகே என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். அந்த ஓகேதான் என்னை வதைத்தது. அவளைப் பெற்றவள் நான், அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? பிறந்த மண்ணில் அவளுக்கு விசா, போகிற மண்ணில் அவள் விருந்தாளி. அங்கே போய்ப் பொருந்தாமல் ஓர் அறைக்குள் முடங்கிவிடுவாளோ என்று பயந்தேன். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே ஓகேதான். பிப்ரவரியில் பாடத்தின் கடைசிப் பயிற்சி வந்தது. அந்தக் கப்பல்காரர்கள் போல உங்கள் மக்களைப் பற்றி முதல் பக்கத்தை எழுதுங்கள், வகுப்பில் வாசியுங்கள் என்றேன். பயிற்சி எல்லோருக்கும்தான். ஆனால் நான் காத்திருந்தது ஒருத்தியின் பக்கத்துக்கு.

அதற்கு முந்தின வாரம் ஒரு வேடிக்கையைச் சொல்லியிருந்தேன். புது நிலத்தைப் பற்றி முதலில் எழுதியவர்களில் சிலர் கோடையில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். ஆஹா, பூலோக சொர்க்கம், எப்போதும் இதமான காற்று என்று எழுதிவிட்டார்கள். அதை நம்பிக் கப்பல் ஏறியவர்கள் முதல் குளிர்காலத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாழினியும் சிரித்தாள்.

அவள் முறை வந்தபோது எழுந்து, எங்கள் சின்னமனூர்ப் பள்ளத்தாக்கு காற்றின் தேசம் என்று ஆங்கிலத்தில் வாசித்தாள். அங்கே காற்று ஓய்வதே இல்லை. கொடியில் போட்ட துணி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். மலைப்பக்கமிருந்து சாரல் வந்துகொண்டே இருக்கும். எங்கள் மக்கள் காற்றுக்கு மேல் குரலெடுத்துப் பேசிப் பேசியே சத்தமாகப் பேசுகிறவர்கள் ஆனார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், கண்ணே பட்டுவிடும். ஹெஸ்ஸா கேட்டாள், குளிர்காலத்திலும் அப்படியா என்று. ஆல்வேஸ் என்றாள் என் மகள், கொஞ்சமும் தயங்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்துக் காற்று ஆனி, ஆடி, ஆவணியோடு சரி. இவள் பார்த்த ஊர் ஜூலையும் ஆகஸ்டும்தான். பள்ளிக்கு அப்போதுதான் லீவு, எங்களுக்கு அப்போதுதான் டிக்கெட். பிறந்ததிலிருந்து ஒரு பொங்கலைக்கூட அவள் அங்கே பார்த்ததில்லை. திருத்த வாயெடுத்தவள், நீ ஜூலை, ஆகஸ்டில் மட்டும்தானே போயிருக்கிறாய் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஹெஸ்ஸாதான் ஆறுதலாகச் சொன்னாள், பரவாயில்லை, ஜூலையில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது, வெயிலுக்குப் பயந்து நாங்கள் லண்டன் போய்விடுவோம் என்று. வகுப்பே சிரித்தது. யாழினி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஜ்மான் போகும் சாலையில் அன்றைக்கு வண்டிகள் ஊர்ந்தன. சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"காத்து எப்பவும் அடிக்காதாம்மா?"

அடிக்காது என்றேன். மூன்று மாதம்தான்.

"அப்ப நானும் அந்த ஷிப்காரங்க மாதிரிதான். சம்மரை மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன்." சிரிப்பாள் என்று பார்த்தேன், இல்லை. "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறீங்க. நான் மட்டும்தான் புது ஆளு. அங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அதான் பயமா இருக்கு."

இத்தனை நாள் அந்த ஓகேக்குள் இருந்தது இதுதான். அவளை அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பின்னால் ஒருவன் ஹாரனில் கை வைத்தே நின்றான், நகர்ந்தேன். மற்ற மாதங்களை நான் சொல்லித்தருகிறேன் என்று பெருமையாக ஆரம்பித்தேன். மார்கழி, தை வரைக்கும் போய் நின்றுவிட்டேன். நான் சொன்னதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய ஊர். எங்கள் வீட்டுப் பின்னால் இருந்த வயலைச் சொன்னேன், அது இப்போது வீட்டுமனை என்று அவளே திருத்தினாள். கல்யாணமாகி வந்தபின் நானும் ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர வேறெந்த மாதத்திலும் ஊரில் இருந்ததில்லை. இது அந்தச் சாலையில் வைத்துத்தான் எனக்கே உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ருவைஸிலிருந்து போன் வந்தது. டியூட்டி முடிந்து கேம்ப் பஸ்ஸுக்காக நிற்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டோம். இவருக்குக் கோடையில் லீவு கிடைக்காது. ஆலையில் வருஷாந்திரப் பராமரிப்பு முடிந்த பிறகு, பொங்கலையொட்டித்தான் தனியாகப் போய்வருவார். போன மாதம்கூடப் போய்விட்டு வந்தார். ஜனவரியில ஊரு எப்படிப்பா இருக்கும் என்று மகள் கேட்டாள். பனின்னா பனி பாப்பா, எதுத்தாப்புல வர்ற வண்டி தெரியாது, ஒரு இலைகூட ஆடாது என்றார். பிறகு தயங்கித் தயங்கி அவளிடமே கேட்டார்.

"ஏத்தா, ஆடிக் காத்து இன்னும் முன்ன மாதிரி அடிக்குதா? நான் அதைப் பாத்து வருசக்கணக்காச்சு."

என் கண் நிறைந்துவிட்டது. யாழினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தகப்பனுக்கு அவருடைய ஊரை அவள் சொல்ல ஆரம்பித்தாள். துணி பறப்பது, ஜன்னல் அடித்துக்கொள்வது, திராட்சைத் தோட்டப் பக்கம் போனால் கண்ணில் மண் விழுவது என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக. அவர் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டுக் கேட்டாள், சரி, அக்டோபர்?

அவர் சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்திருக்கிறார். ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்பது எங்களுக்குத் தெரியும், அது பெய்த ஊர்தான் இப்போது இல்லை. இப்போதுள்ள தெருவில் தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வழியாகக் கடைக்குப் போவார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. ரெண்டு பேருக்கும் தெரியாதா என்று மறுபடி கேட்டாள். தெரியாதுத்தா என்றார் அவர், ஏதோ தப்புச் செய்தவர்போல.

அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பள்ளிக்கு வெளியே எத்தனையோ வாரமாகக் காணாத சிரிப்பு முகத்தில் வந்திருந்தது.

"அப்ப அக்டோபர்ல நாம மூணு பேருமே புதுசு. ஓகே, போலாம்."