சீலாவோடு போன பொட்டலம்

மாமாவின் கயிற்றுக் கடையில் கல்லாவுக்கு நேர் மேலே ஓர் ஆணியில் ஒரு பொட்டலம் தொங்குகிறது. கட்டம் போட்ட பழைய கைலியைச் சுருட்டி, பச்சை வலைக்கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியது. கட்டின் நடுவே கயிற்றை வளைத்துச் சின்னதாக ஒரு காது. காதுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு வால். அந்த வாலைப் பிடித்து இழுத்தால் போதும், மொத்தக் கட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடை என்பதால் உப்புக் காற்றில் கயிற்றின் பச்சை வெளுத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள், "அது என்ன அண்ணாச்சி, திருஷ்டிக்கா?" என்று கேட்பார்கள். மாமா "ஆமா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருஷ்டிக்கு இல்லை, அது சாட்சி என்று கத்தத் தோன்றும். ஆனால் யாரிடம் போய்க் கத்துவது?

மாமா என் அம்மாவின் தம்பி. வலை, கயிறு, மிதவை என்று மீன்பிடிப் போட்டுக்காரர்களுக்கு வேண்டியதை விற்கிறார். கடையிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் அந்தக் காது வைத்த முடிச்சுத்தான் போடுவார். சின்ன வயதில் நான் எத்தனையோ முறை கற்றுக்கொள்ளப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். விரலைச் சுற்றி இரண்டு சுற்று போய், அடியில் நுழைந்து, திரும்பி வரும்போது ஏதோ ஒன்று செய்வார். அந்த ஏதோ ஒன்று மட்டும் என் கண்ணுக்கு அகப்படாது. "கெட்டுறது பெருசில்லளா" என்பார். "வாங்கிட்டுப் போறவன் ஆடுற போட்டுல நின்னுக்கிட்டு, ஈரக் கையோட அவுக்கணும்லா. அவனுக்கு ஒரு இழுப்புதான் வேல இருக்கணும்." கட்டும்போதே அவிழ்க்கப் போகிறவனை நினைத்துக் கட்டுகிற மனிதர். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதை முழுக்க அந்த ஒரு இழுப்பில்தான் நிற்கிறது.

சீலா அவர் வீட்டு நாய். ஏலக்கூடத்தில் கூடைகளுக்கு நடுவே குட்டியாகக் கிடந்தவள். சீலா மீனுக்கு இருப்பதுபோல நீண்ட மூஞ்சி, அதனால் அந்தப் பெயர். வேகவைத்த சாளை மீனைப் பிசைந்த சோறு இல்லாவிட்டால் வாய் வைக்க மாட்டாள். மாமா அவளுக்கு முள் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து அத்தை, "கல்யாணமாகி இத்தன வருசத்துல எனக்கு ஒரு நாளாவது முள்ளெடுத்துக் குடுத்திருக்காவளா, கேளு உங்க மாமாகிட்ட" என்பாள். "நீ கொரைக்கலியேளா" என்பார் மாமா. அத்தை கரண்டியைத் தூக்குவாள். சீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டுவாள்.

அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஈறு வெளுத்து, நிற்க முடியாமல் விழுந்தாள். டவுனில் புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்; கண்ணாடிக் கதவு, ஏசி, பின்கட்டில் நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் 'ஷீலா' என்று பதிந்துகொண்டாள். டாக்டர் நன்றாகவே பார்த்தார், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஊசி, டிரிப், ரத்தப் பரிசோதனை என்று அவளை இழுத்துப் பிடித்து நிறுத்தினார். மாமா தரையிலேயே உட்கார்ந்திருந்தார். டிரிப் சொட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று, "இவ எந்திரிச்சிட்டா குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு காளி வேஷம் கெட்டுதேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாய்க்காகவா மாமா வேஷம்?" அவர் சிரிக்கவில்லை. "அம்மனுக்கும் சிங்கம் இருக்குல்லா. அவளுக்குத் தெரியும்."

சீலா எழுந்துவிட்டாள். தசராவும் நெருங்கியது. மாலை போட்டுவிட்டால் வீட்டுக்குள் மீன் நுழையக் கூடாது; மீன் இல்லாமல் சீலா சாப்பிட மாட்டாள். அவளைப் பட்டினி போட்டுவிட்டு அவளுக்காகவே விரதம் இருப்பதா என்று மாமாவுக்குக் குழப்பம். எங்கள் ஃபிளாட்டில் நாய்க்கு அனுமதி கிடையாது. டாக்டர்தான் வழி சொன்னார்: "எதுக்குக் கவலைப்படுறீங்க அண்ணாச்சி? நம்ம போர்டிங்ல விடுங்க. என் கண் முன்னாலயே இருக்கும்." கூடவே கண்டிப்பாக ஒன்று சொன்னார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டால் காய்ச்சல் திரும்பும், திரும்பினால் காப்பாற்றுவது கஷ்டம். அவர் வாயால் சொன்னது. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மாலை போட்ட அன்று காலையில் மாமா தன் கைலியைத் துவைக்காமல் எடுத்தார். அவர் வாசனை இருந்தால் அவள் தூங்குவாள் என்று கணக்கு. அதற்குள் மாத்திரை அட்டைகளை வைத்துச் சுருட்டி, பச்சைக் கயிற்றால் கட்டி, காது வைத்தார். போர்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் நடுவயது ஊழியரிடம் கொடுத்து, வாலை இழுத்துக் கட்டு உருவுவதைச் செய்து காட்டினார். மறுபடியும் கட்டிக் கொடுத்தார். "ஒரு இழுப்புதான். மாத்திரைய மீனுக்குள்ள வச்சாத்தான் முழுங்குவா, பாத்துக்கிடுங்க." ஊழியர் தலையாட்டினார். வரவேற்புப் பெண் விதியைச் சொன்னாள்: யாரும் பார்க்க வரக் கூடாது, பார்த்தால் ஏங்கிப்போய்ச் சாப்பிடாது, தினமும் போட்டோ வரும். அதேபோலத் தினமும் வந்தது. சீலாவின் முகம் மட்டும், மிக அருகில் எடுத்தது; கீழே 'ஷீலா ஹேப்பி' என்று ஒரு வரியும் இதயப் படமும். மாமா அதை அத்தையிடம் காட்டுவார், கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். எனக்குக்கூட நிம்மதியாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது கல்லூரி முடிந்து வேலை கிடைக்காத சமயம். சும்மா இருக்க முடியாத பிறவி நான். மாமாவின் தசரா செட்டை, வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கப் போகும் அந்தக் குழுவைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே அலைந்தேன். மாமா காளியானதும் எனக்கே பயமாக இருந்தது: முகம் முழுக்கக் கருநீலச் சாயம், கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு, சடை, கிரீடம், முதுகில் கட்டிய மரக்கைகள். கடை கடையாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு செட்டு டவுனுக்குள் வந்தது. பழக்கமானவர்கள்கூட அவரை "அம்மா" என்றார்கள். குலசையில் அசுர சம்ஹாரம் முடியும்வரை வேஷத்தைக் கலைக்கக் கூடாது, அதுதான் நேர்த்திக்கடன். அப்படியே மேளத்தோடு அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கும் வந்துவிட்டோம்.

வரவேற்புப் பெண் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "உள்ள வாங்கம்மா, எல்லா இடத்துலயும் திருநீறு போடுங்கம்மா" என்று அவளே பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். சீலாவின் சொந்தக்காரருக்குத் திறக்காத கதவு காளிக்குத் திறந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். சாயத்துக்குள்ளும் அந்தக் கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது. எட்டி ஒரு பார்வை, அவ்வளவுதான் அவர் ஆசை.

கடைசிக் கூண்டில் கிடந்தாள். எலும்பு எண்ணலாம் போல. காது மடலில் உண்ணிகள் மணி மணியாகத் தொங்கின. தட்டில் காய்ந்து வெடித்த சோறு, மீன் வாடையே இல்லை. மாமா குனிந்து கூண்டருகே போனதும் அவள் உறுமக்கூடத் தெம்பில்லாமல் மூலைக்கு ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். "சீலா" என்றார். பல் கட்டியிருந்த வாயிலிருந்து வந்த குரல் அவருடையதாகவே இல்லை. அவள் நடுக்கம் அதிகமானது.

மாமா கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார்.  செட்டுக்காரர் ஒருவர் வாசலிலிருந்து, "ஏ அண்ணாச்சி, என்ன காரியம் செய்யுதிய! சம்ஹாரம் முடியலையே!" என்று பதறினார். மாமா பல்லைக் கழற்றினார், நாக்கைப் பிய்த்தார். கூண்டு கழுவும் குழாயைத் திறந்து முகத்தைத் தேய்த்தார். நீலம் ஓடி வடிகாலில் கலந்தது. பாதி சாயம் போன முகத்தோடு, சிவப்புப் புடவையோடு, கூண்டுக்குள் கையை நீட்டினார். சீலா முகர்ந்தாள். பிறகு தவழ்ந்து வந்து அந்த நீண்ட மூஞ்சியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.

அப்போதுதான் கூண்டுக்கு மேலே பலகையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். கொடுத்தது கொடுத்தபடி, காது வைத்தபடி.

டாக்டர் வந்தார். நாடி பார்ப்பதுபோல ஏதோ செய்தார். "அவுத்து மாத்திரை கொடுத்துட்டு மறுபடி கட்டித்தான் வச்சிருக்காங்க" என்றார். மாமா மரக்கைகளைக் கட்டியிருந்த கயிற்றில் ஒரு துண்டை அறுத்து மேசைமேல் வைத்தார். "கெட்டிக் காட்டச் சொல்லுங்க."

போர்டிங் ஊழியர் கயிற்றை எடுத்தார். ஒரு முடிச்சு போட்டார், அவிழ்த்தார். காதுபோல ஒன்றை வளைத்தார், அது தானாகவே நழுவியது. வெளியே மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. நான் போனைப் பிடித்தபடி நின்றேன். ஊழியர் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுவரைப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. "விரத நேரத்துல சாமி வேஷத்தைக் கலைச்சிட்டீங்களே அண்ணாச்சி. இது நல்லதுக்கில்ல."

அத்தனை வருஷம் படித்த மனிதர்! உண்ணி எந்தக் கிருமியைக் கொண்டுவரும், அது ரத்தத்தில் என்ன செய்யும் என்று எனக்குப் படம் போட்டு விளக்கியவர். பொட்டலம் அவிழவில்லை என்று தெரிந்த நொடியில் அம்மனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்தவர் ஊசி போட்டார், உதட்டைப் பிதுக்கினார். செட்டின் வேன் மாமா இல்லாமல் குலசைக்குப் புறப்பட்ட மதியம், சீலா அத்தையின் மடியில் அடங்கினாள். அத்தை சாளை மீனில் முள் எடுத்து அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். விரத வீட்டில் மீன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் பிறகுதான். செட்டில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், எங்கள் வீட்டில் அம்மாவே சொன்னாள்: வேஷத்தைக் கலைத்தாரே, சாமி குத்தம், அதுதான் அவளைக் கொண்டுபோய்விட்டது. நான் எடுத்த வீடியோவை அப்படியே இணையத்தில் போட்டேன். ஊரே கொதிக்கும் என்று நினைத்தேன். நிறையப் பேர் பார்த்தார்கள். 'அம்மா தாயே காப்பாத்து' என்று வரிசையாக எழுதிவிட்டுப் போனார்கள். வேஷம் கலைத்ததற்காக மாமாவைத் திட்டினார்கள் சிலர். மேசைமேல் இருந்த கயிற்றைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. அந்த ஆஸ்பத்திரி இப்போது பக்கத்துக் கட்டடத்துக்கும் வளர்ந்துவிட்டது. 'ஷீலாவுக்குத் தடுப்பூசி போடும் நேரம் வந்துவிட்டது' என்று மாமாவின் போனுக்கு இன்றைக்கும் குறுஞ்செய்தி வருகிறது. அவர் அதை அழிப்பதில்லை.

போன தசராவின்போது கடையில் இருந்தேன். வேறொரு செட்டு மேளத்தோடு வந்தது. காளி உண்டியலை நீட்டினாள். மாமா காணிக்கை போட்டுக் கும்பிட்டார், திருநீறு வாங்கினார். அவர்கள் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. "நீங்களுமா மாமா நம்புதிய, உங்களாலதான் சீலா செத்தான்னு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு வலைக்கட்டை மடித்து, விரலைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, காது வைத்தார். எதிரே நின்ற போட்டுக்காரரிடம் கொடுத்தார். பிறகு தலைக்கு மேலே இருந்த பொட்டலத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மனையே வேணாம்னு கழுவிட்டு வந்தேன். அவ கோவிச்சா அதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார். "இதுல என்னளா நியாயம்? ஒரு இழுப்புதான் இழுக்கச் சொன்னேன்."