உரைகல்லில் இரண்டு கோடுகள்

கல்யாணமாகி வாளையாருக்குப் பக்கத்து ஊருக்கு நான் வந்த மூன்றாம் நாள், மாமியார் என் வளையலைக் கழற்றச் சொன்னார். கொண்டுவிட வந்த அப்பாவும், உறவுக்காரப் பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். மாமியார் வளையலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன செவப்பா இருக்குதே. செம்பைக் கொட்டிச் செஞ்சுபோட்டீங்களா?"

பிறகு தன் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். "எங்கப்பா போட்டதுங்க. எலுமிச்சம்பழமாட்ட இருக்குது பாருங்க. தங்கம்னா இதுதான்."

பெண்கள் சிரித்தார்கள். அப்பா சாப்பிடாமலே பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அந்த வாசலை அவர் மிதிக்கவே இல்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் நிறுத்தத்துக்கு வரச்சொல்லி ஆளனுப்புவார்.

இரண்டு வருடம் கழித்து மாமியாரின் சங்கிலிக் கொக்கி விட்டுப்போனது. பாலக்காட்டில் ஆசாரியிடம் பற்றவைத்து வரச்சொல்லி என்னை அனுப்பினார். ஆசாரி சங்கிலியை உரைகல்லில் ஒரு கோடு தேய்த்தார்; என் வளையலையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் ஒரு கோடு தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மிணி, இதுல பாதிக்கு வெள்ளிதானுங்க. உங்க வளையல்தான் நல்ல மாத்து, தங்கம் சுத்தம்."

"இது செவப்பா இருக்குதுங்களே?"

"நகைன்னா கொஞ்சம் எதாச்சும் கலந்துதான் ஆகோணும். செம்பு கலந்தா செவக்கும், வெள்ளி கலந்தா வெளுக்கும். நெறத்தப் பாத்து மாத்தைச் சொல்ல முடியாதுங்க. கல்லுதான் சொல்லோணும்."

வீட்டுக்கு வந்து சங்கிலியைக் கொடுத்தேன். தனியாகச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? கூடம் நிறைய ஆள் வேண்டும். காத்திருந்தேன்.

மறுவருடம் நாத்தனாருக்கு நிச்சயம் நடந்தது. தன் சங்கிலியை அழித்து மகளுக்கு ஆரம் செய்யப்போவதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொன்ன மாமியார், அதே ஆசாரியையும் வரவழைத்திருந்தார். காபித் தட்டை வைத்துவிட்டு நான் சொன்னேன்.

"அழிக்கறதுக்கு முன்னால மாத்துப் பாத்துக்கலாமுங்க. கூடவே என்ற செம்பு வளையலையும் ஒரசுங்க."

ஆசாரி என்னை ஒரு கணம் பார்த்தார். இரண்டு கோடு தேய்த்தார். இரண்டின் மேலும் திராவகம் தொட்டு வைத்தார். என் கோடு அப்படியே நின்றது. மற்றது மங்கி, கரைந்து, கல்லின் கறுப்பு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"எங்கப்பா போட்டதுங்க," என்றார் மாமியார், யாரிடமென்று இல்லாமல். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சநேரம் அந்தக் கல்லை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் இருந்தது.

சாயங்காலம் சமையல்கட்டுக்கு வந்தார். "கண்ணு, உன்ற வளையலைக் குடு. ஆரத்துக்குச் சேத்திக்கலாம்."

"அது செம்புங்க அத்த. புள்ளைக்கு எப்படிப் போடறது?"

திரும்பிப் போனார். பிறகு தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்றுப் புதுத் தங்கம் வாங்கித்தான் கல்யாணத்தை நடத்தினார்.

நான் ஊருக்குப் போய் அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன். "அந்தப் புள்ள கல்யாணத்துக்கு ஒண்ணும் பங்கம் வரலையே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

நாத்தனார் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள் அவள். அவளுடைய நிச்சயத்தன்று அதைச் செய்தது மட்டும்தான் இன்றும் உறுத்துகிறது. மற்றபடி, மாமியாரிடம் கடைசிவரை நான் வருத்தம் தெரிவிக்கவில்லை.