சாம்பாருக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு

என் வீட்டுக்காரர் பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி, ஸ்க்ரூ, நட்டு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். ஆனால் தன் வாய்க்குள் போகிற மாத்திரை என்ன நிறம் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். அது என் டிபார்ட்மென்ட்டாம்.

போன வருஷம் அவருக்குத் தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. காலையில் கட்டிலை விட்டு எழுப்ப நான் வேண்டும், சட்டைக்குள் கையை நுழைக்கவும் நான் வேண்டும். தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மா டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் மனிதர் தானே கையைத் தூக்கித் தலை வாரிக்கொண்டார். கண்ணாடிக்கு முன்னால் அதைப் பார்த்து நான் அழுதே விட்டேன்.

ஆனால் அந்த மாத்திரை சும்மா இருக்குமா? முகம் பூரி மாதிரி உப்பியது. சர்க்கரை ஏறியது. பசியோ பசி; சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்பார். இந்த லட்சணத்தில் தெருவில் போகிறவர்கள் வேறு, “சார் இப்ப நல்லா தேறிட்டாரு!” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேறலாவது, ஊறலாவது!

எப்படியாவது இந்த மாத்திரையிலிருந்து அவர் வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கவலை. டாக்டரம்மா மாசாமாசம் ஒவ்வொரு மாத்திரையாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாளைக்கு இரண்டு என்ற இடத்தில் வந்து நின்றது.

“ரெண்டுலேர்ந்து ஒண்ணுக்கு ஒரே தாவா தாவ முடியாதும்மா. அது பாதிக்குப் பாதி. உடம்பு தாங்காது. கொஞ்சங்கொஞ்சமா எறங்கணும்” என்றார். அப்படி இறங்க அதைவிடச் சின்ன பவரில் மாத்திரை வேண்டும். நானும் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் ஒரு மருந்துக் கடை விடாமல் ஏறி இறங்கினேன். “அஞ்சு எம்ஜிதான்க்கா வருது. அதுக்குக் கீழ யாரும் கேக்கறதே இல்ல” என்றே எல்லோரும் சொன்னார்கள். உடைத்துக் கொடுக்கலாமா என்றால், மேலே பூச்சு இருக்கிறது, உடைக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கடைசியில் டாக்டரம்மாவே ஒரு வழி சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒரு மாத்திரை, மற்ற நாள் இரண்டு. அந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து வரக் கூடாது. ஒரு மாசம் தாங்கினால் மூன்று நாளாக்கலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கிடையாது. மற்ற நாளில் மீனோ கருவாடோ, ஒன்றுமில்லையென்றால் ஒரு முட்டையாவது இருக்கும். காலையில் அவர் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் மதியக் குழம்பு அடுப்பில் ஏறிவிடும். சாம்பார் கொதித்தால் தட்டோரம் ஒரு மாத்திரை, மீன் வாசனை வந்தால் இரண்டு. மறக்கவே முடியாது. அவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்று வாரம் அழகாக ஓடியது.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. வழக்கமாக நாங்கள் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்வோம். இந்த வருஷம், அவருக்கு மாத்திரை நின்றால் போதும் என்று மாசம் முழுக்க வீட்டில் யாரும் அசைவமே தொடுவதில்லை என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். கோவளத்திலிருந்து கூடை தூக்கி வருகிற மீன்காரம்மா வாசலிலேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னாக்கா, நீயும் மாசம் ஃபுல்லாவா? பேஜாரா கீது போ!” என்று அலுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் போயிருக்கும். மனிதர் துவள ஆரம்பித்தார். எழுந்தால் தலை சுற்றுகிறது, வாயைக் குமட்டுகிறது, பழையபடி தோள் வலிக்கிறது என்றார். ஒரு நாள் காலையில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். போட்டுவிடு என்று அவர் கேட்கவில்லை, நானே போய்ப் போட்டுவிட்டேன்.

மறுபேச்சு பேசாமல் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா இவர் கையைத் தூக்கிப் பார்த்தார், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். “நோய் திரும்புற மாதிரிதான் இருக்கு. மறுபடி முதல்ல குடுத்த டோஸுக்கே போக வேண்டியிருக்கலாம்” என்று பேனாவைத் திறந்தார். அப்படியென்றால் அந்த முகமும், அந்தப் பசியும், இத்தனை மாசமும் மறுபடி முதலிலிருந்து. இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினமும் இப்படியேதானா? ஒரு நாள்கூட நல்லா இல்லையா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“புதன்கிழமை... ஞாயித்துக்கிழமை... மத்தியானத்துக்கு மேல பரவால்ல மேடம்.”

“அன்னிக்கு என்ன விசேஷம்?”

இவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். கடைசியில், “பிரியாணி சாப்ட்டேன் மேடம்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரட்டாசியில்! பிரியாணி! டாக்டர் முன்னால் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“பிரியாணியால தோள்வலி போகாது சார். கூட வேற என்ன சாப்ட்டீங்க?”

“வேற ஒண்ணும் இல்ல மேடம். கடையில இருக்கட்டும்னு இவ குடுத்த ஒரு அட்டை இருக்கு, அதுலேர்ந்து இன்னொரு மாத்திரை போட்டேன். கவுச்சி நாள்னா ரெண்டாச்சே.”

“கவுச்சி நாள்னா?”

நான்தான் எங்கள் கணக்கை விளக்கிச் சொன்னேன். சாம்பார், ஒன்று, மீன், இரண்டு, செவ்வாய், வெள்ளி... சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். புரட்டாசி பிறந்த நாளிலிருந்து வீட்டில் தினமும் சாம்பார்தான். தினமும் தட்டோரம் ஒன்றுதான். அடிப்பாவி! யோசிக்காமல் என் கையாலேயே மனிதரைப் பாதிக்குப் பாதி இறக்கியிருக்கிறேன்.

டாக்டரம்மா சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. “இந்த மருந்தைத் திடீர்னு இப்படிக் கொறைச்சா ஆளையே சாய்ச்சிடும்மா. தலை சுத்துச்சுன்னா அன்னிக்கே ஃபோன் பண்ணணும்” என்று கடுமையாகவே சொன்னார். பிறகு பேனாவை மூடினார். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், நின்ற இடத்துக்கே திரும்பிப் போங்கள், இப்போதைக்கு தினமும் இரண்டு, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை.

“கோவமா?” என்றார்.

“பின்ன? முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு அவங்க பேனாவத் தொறக்கறாங்க, நீங்க வாயே தொறக்கல. அவ்ளோ பயமா என்னைப் பாத்து?”

“பயம் இல்லம்மா” என்றார். “நீ வேண்டிக்கிட்டதே எனக்காகத்தானே. அதை நானே கெடுத்துட்டேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

நான் ரோட்டைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்திருப்பார், பார்த்தால் பார்க்கட்டும்.

மறுநாள் காலையில் முருங்கைக்காய் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டோரம் இரண்டு மாத்திரை வைத்தேன். அவர் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார்.

“சாம்பார்தானே? ரெண்டு வெச்சிருக்க?”

“மோப்பம் பிடிக்கறத விட்டுட்டு முழுங்குங்க.”

அந்த வாரம் அவரே சட்டை போட்டுக்கொண்டார். சனிக்கிழமை கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. வரிசையில் நின்று உள்ளே போனதும், பிரியாணி சாப்பிட்டது அவர் இல்லை, நான்தான் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.